ஒரே எண்ணில் இரண்டு போப்பா? இருபத்துமூன்றாம் யோவான் குழப்பம்

#1 கல்வெட்டுப்பித்தன்

இத்தாலி போய்வந்த மைத்துனர் வாட்ஸ்அப்பில் படங்களாகக் கொட்டிவிட்டார். பாதி, சாப்பாட்டுத் தட்டுகள். ஒன்றே ஒன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஃப்ளாரன்ஸ் ஞானஸ்நான ஆலயத்துக்குள் சுவரோடு ஒட்டி எழும் ஒரு கல்லறை. டொனாடெல்லோவும் மிக்கெலொட்சோவும் செய்தது. மேலே பொன்முலாம் பூசிய வெண்கல உருவம் தூங்குவதுபோலப் படுத்திருக்கிறது. கீழே லத்தீனில், "யோவான், ஒருகாலத்தில் போப், இருபத்துமூன்றாமவர்" என்ற பொருளில் எழுத்து. ஆள் இறந்தது 1419ல்.

1958ல் போப் ஆன ரோன்கல்லிதானே இருபத்துமூன்றாம் யோவான்? இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர்? அப்படியென்றால் ஐந்நூறு வருடம் முன்னால் அதே எண்ணோடு படுத்திருக்கும் இவர் யார்? "ஒருகாலத்தில் போப்" என்றால் என்ன கணக்கு? ஓய்வுபெற்றவரா, நீக்கப்பட்டவரா?

#2 சும்மா_சுப்பு

எண் தீர்ந்துபோயிருக்கும். பழைய எண்ணை வாங்கி மறுபடி ஒட்டியிருப்பார்கள்.

#3 மரியநேசன்

குருமடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஓடிவந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். கல்லறையில் இருப்பவர் பல்தசாரே கோஸா. 1410ல் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1415ல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய பொதுச்சங்கம் (ஆயர்களின் பெருங்கூட்டம்) அவரைப் பதவிநீக்கியது. திருச்சபையின் இன்றைய பட்டியலில் அவர் எதிர்த்திருத்தந்தை, அதாவது செல்லாத போட்டிப் போப். அதனால் அந்த எண் காலியாகவே இருந்தது, ரோன்கல்லி எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், எளிமையான விஷயம்.

கூடுதலாக ஒரு வேடிக்கை. இருபதாம் யோவான் என்று ஒருவர் கிடையவே கிடையாது. நடுவில் யாரோ எண்ணிக்கையில் தவறிவிட்டார்கள்.

#4 வக்கீல்_பாண்டி

எளிமையா? கோஸாவுக்கு முன்னால் அதே வரிசையில் 1409ல் பீசாவில் தேர்வானவர் ஐந்தாம் அலெக்சாண்டர். அவரும் இன்று உங்கள் பட்டியலில் எதிர்த்திருத்தந்தைதான். ஆனால் 1492ல் போர்ஜியா பதவிக்கு வந்தபோது ஆறாம் அலெக்சாண்டர் என்றுதான் பெயர் வைத்துக்கொண்டார். ஐந்தாமவர் செல்லாது என்றால் போர்ஜியா ஐந்தாமவர் அல்லவா? ஒரே வரிசையில் முதல் ஆளின் எண் கணக்கில் நிற்கிறது, அடுத்த ஆளின் எண் நிற்கவில்லை. இதில் எளிமை எங்கே இருக்கிறது, பிரதர்?

போட்டி போப்புகள் என்பதும் புதுச்சரக்கு இல்லை. 1159ல் மூன்றாம் அலெக்சாண்டர் தேர்வானபோது ஒக்டேவியன் என்ற கர்தினால் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் மூத்த குருக்களில் ஒருவர்) அவர் தோளிலிருந்த சிவப்பு அங்கியைப் பிடுங்கிக்கொண்டார். யாரோ அதைத் திரும்பப் பிடுங்க, தயாராக வைத்திருந்த இன்னொரு அங்கியை அவசரத்தில் முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு நானே போப் என்றார். ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா ஒக்டேவியன் பக்கம். அந்தச் சண்டை ஓய 1177 ஆனது. அதிலிருந்து பாடம் படித்துத்தான் 1179ல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1274ல் தேர்தல் முடியும்வரை கர்தினால்களை அறைக்குள் பூட்டிவைக்கும் விதி, கான்கிளேவ், வந்தது.

தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. நடந்த தேர்தல் செல்லுமா என்று கேட்டால் தீர்ப்புச் சொல்வது யார்? அதற்குச் சட்டமே இல்லை. "முதல் பீடத்தை எவரும் விசாரிக்க முடியாது" என்பதுதான் விதி. போப்பா இல்லையா என்று தெரியாத ஒருவரை, போப்பை விசாரிக்கக் கூடாது என்று சொல்லி விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1378 ஆகும்.

#5 சும்மா_சுப்பு

முன்பின் மாற்றி அங்கி போட்ட போப்தான் இனி என் முகப்புப் படம்.

#6 செம்பருத்தி

பாண்டி சார் 1378ஐத் தொட்டுவிட்டார், இனி என்னால் சும்மா இருக்க முடியாது. (வரலாற்று டீச்சர். பொறுத்துக்கொள்ளுங்கள், நீளும்.)

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1303ல் பிரெஞ்சு அரசனின் ஆட்கள் அனாக்னியில் புகுந்து எட்டாம் போனிஃபாஸைப் பிடித்துவைத்தார்கள். சில வாரத்தில் அவர் இறந்தார். 1309ல் ஐந்தாம் கிளமெண்ட், இன்றைய பிரான்ஸில் இருக்கும் அவிஞ்ஞோனில் போய்த் தங்கினார். வரிசையாக ஏழு பாப்பரசர்கள், ஏழு பேரும் பிரான்ஸ் தேசத்தார். ஊரே பிடித்துப்போய் ஆறாம் கிளமெண்ட் 1348ல் நேப்பிள்ஸ் அரசி ஜோவானாவிடம் 80,000 ஃப்ளோரினுக்கு அவிஞ்ஞோனையே விலைக்கு வாங்கினார். பதினோராம் கிரகோரி 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பினார். 1378 மார்ச் 27ல் போய்ச் சேர்ந்தார்.

ரோம் மக்களின் பயம் புரியக்கூடியது. மறுபடி ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தால் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு அவிஞ்ஞோனுக்குப் போய்விடுவார்கள். யாத்திரிகர், சத்திரம், வியாபாரம் எல்லாம் அவர்களோடு போய்விடும்.

ஏப்ரல் 7 மாலை 16 கர்தினால்கள் உள்ளே போனார்கள். 11 பேர் பிரெஞ்சு, 4 பேர் இத்தாலியர், ஒருவர் ஸ்பானியர். அந்த ஸ்பானியர் பெத்ரோ தெ லூனா. பெயரை மறக்காதீர்கள், கடைசியில் வருவார். வெளியே கூட்டம், "ரோமன் வேண்டும், இல்லையென்றால் இத்தாலியனாவது வேண்டும்" என்று இரவெல்லாம் கத்தல். அரண்மனையின் திராட்சை ரச நிலவறையையும் விடவில்லை என்கிறார்கள். விடிந்ததும் மணியடிக்க ஆரம்பித்தார்கள்.

11 பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றுசேர்ந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் அவர்களுக்குள் லிமூசென் வட்டாரத்தார் தனி அணி. மற்றவர்கள், லிமூசென் ஆள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்ற அணி. கடைசியில் கர்தினாலே இல்லாத ஒருவரைப் பிடித்தார்கள்: பாரி நகரப் பேராயர் பர்த்தலோமேயோ பிரிஞ்ஞானோ. நேப்பிள்ஸ்காரர், அவிஞ்ஞோன் அலுவலகத்தில் பல வருடம் கோப்பு பார்த்தவர். சொன்னபடி கேட்பார் என்ற கணக்கு.

பெயரை அறிவிக்கும் முன்பே செய்தி கசிந்தது. "பாரி" என்றது கூட்டத்தின் காதில் "பார்" என்று விழுந்தது. ஜான் தெ பார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், எல்லாருக்கும் பிடிக்காதவர். அவ்வளவுதான், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். உயிருக்குப் பயந்த கர்தினால்கள் கிழவர் ஒருவரை, ரோமைச் சேர்ந்த தெபால்தெஸ்கியை, பாப்பரசர் உடையில் போர்த்தி இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, பின்வழியாக ஓடிவிட்டார்கள். பாவம் அந்த மனுஷன், "நான் இல்லை, நான் இல்லை" என்று கத்திக்கொண்டே இருக்கிறார், கூட்டம் அவர் கையை முத்தமிட்டுக்கொண்டே இருக்கிறது.

மறுநாள் கூட்டம் அடங்கியது. நகரத்தில் எஞ்சியிருந்த கர்தினால்கள் திரும்பி வந்து பிரிஞ்ஞானோவை அரியணையில் ஏற்றினார்கள். ஏப்ரல் 18, ஈஸ்டர் அன்று முடிசூட்டு. ஆறாம் அர்பன்.

#7 வக்கீல்_பாண்டி

நன்றி டீச்சர். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள்.

ஏப்ரல் 8ல் வற்புறுத்தல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பயத்தில் போட்ட கையெழுத்து செல்லாது. ஆனால் பயம் தீர்ந்தபின் அதே ஆள் அதே பத்திரத்தின் பலனை அனுபவித்தால்? அங்கேயே வழக்கு முடிந்தது. இவர்கள் ஈஸ்டரில் முடி சூட்டினார்கள். அவிஞ்ஞோனில் இருந்த சக கர்தினால்களுக்குக் கடிதம் எழுதி, முறையான தேர்தல் என்றார்கள். அர்பனிடமே தங்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பதவிகள் கேட்டு வாங்கினார்கள். ஆகஸ்டில் அனாக்னிக்குப் போனபிறகுதான் "ஐயோ, அன்று பயந்துவிட்டோம்" என்று அறிக்கை. செப்டம்பர் 20ல் ஃபோந்தியில் ஜெனீவாவின் ராபர்ட்டைத் தேர்ந்து ஏழாம் கிளமெண்ட் ஆக்கினார்கள். நான் நீதிபதியாக இருந்தால் முதல் நாளே தள்ளுபடி.

#8 மரியநேசன்

வழிமொழிகிறேன். இன்றைய அதிகாரபூர்வப் பட்டியலும் ரோம் வரிசையைத்தான் ஏற்கிறது. அர்பன் திருத்தந்தை, கிளமெண்ட் எதிர்த்திருத்தந்தை.

#9 செம்பருத்தி

அவசரப்படாதீர்கள். நடுவில் நடந்ததை விட்டுவிட்டீர்களே. சொன்னபடி கேட்பார் என்று நினைத்த கோப்புக்காரர், அரியணை ஏறியதும் வேறு ஆளானார். கர்தினால் ஓர்சினியை எல்லார் முன்னாலும் முட்டாள் என்றார். இன்னொருவரை அடிக்கவே எழுந்தார். உங்கள் சாப்பாடு இனி ஒரு வகை உணவோடு முடிய வேண்டும் என்றார். சீர்திருத்தம் தேவைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் பதவி தந்தவர்களையே சபையில் வைத்து வசைபாடினால்?

இவர் இப்படி என்றால் ராபர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 1377ல் செசேனா நகரில் அவர் தலைமையிலிருந்த கூலிப்படை ஆயிரக்கணக்கில் மக்களை வெட்டியது. "செசேனாவின் கசாப்புக்காரன்" என்பது அவருக்கு இத்தாலியில் நிலைத்த பெயர். அப்படிப்பட்டவரைத்தான் எங்களுக்கு அமைதியான தலைவர் வேண்டும் என்று சொன்னவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

பாண்டி சார் சொல்வதில் ஒன்று மட்டும் முக்கியம். பழைய பிளவுகளில் ஒரு அணி ஒருவரையும் எதிரணி இன்னொருவரையும் தேர்ந்தது. இங்கே ஏறக்குறைய அதே கைகள் ஆறு மாதத்துக்குள் இரண்டு பேரைத் தேர்ந்தன. ஃபோந்தியில் இத்தாலியர் மூவர் வாக்களிக்கவில்லை, ஆனால் எழுந்து எதிர்க்கவும் இல்லை. அதனால்தான் நேர்மையானவர்களாலேயே முடிவு சொல்ல முடியவில்லை. சியன்னாவின் கேத்தரின் அர்பன் பக்கம் நின்று கடிதம் கடிதமாக எழுதினார். வின்சென்ட் ஃபெரர் அவிஞ்ஞோன் பக்கம். இருவரும் இன்று புனிதர்கள். மரியநேசன், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#10 மரியநேசன்

மௌனம்.

#11 சும்மா_சுப்பு

ஊர் ரெண்டுபட்டால் புனிதருக்குக் கொண்டாட்டம்.

#12 நெறியாளர்

உள்ளூர்க் கட்சிப் பிளவோடும் சின்னம் முடக்கத்தோடும் ஒப்பிட்ட இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்த வழியில் போனால் இழை திரும்பி வராது.

#13 வக்கீல்_பாண்டி

டீச்சர் சொன்னதை மறுக்கவில்லை. என் புள்ளி வேறு: தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. ஸ்பெயினின் காஸ்தீல் அரசு மட்டும் உருப்படியாக ஒன்று செய்தது. 1380-81ல் மெதீனா தெல் காம்போவில் சாட்சிகளை விசாரித்தார்கள். கூட்டம் எவ்வளவு, என்ன கத்தினார்கள், ஆயுதம் இருந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் கிளமெண்ட் பக்கம் சாய்ந்தார்கள். பக்கத்து அரகோன் அரசர் நான்காம் பெத்ரோ இன்னும் கெட்டிக்காரர். சாகும்வரை, 1387வரை, யார் பக்கமும் இல்லை என்றே ஓட்டிவிட்டார்.

#14 செம்பருத்தி

இங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். சாட்சி விசாரணை அழகுதான், ஆனால் முடிவை எடுத்தது சாட்சியா, கூட்டணியா? வரைபடத்தை விரியுங்கள். பிரான்ஸ் கிளமெண்டோடு. அதனால் பிரான்ஸோடு நூறாண்டுப் போரில் இருந்த இங்கிலாந்து அர்பனோடு. அதனால் இங்கிலாந்துக்கு ஆகாத ஸ்காட்லாந்து கிளமெண்டோடு. காஸ்தீல் ஏற்கெனவே பிரான்ஸின் நண்பன். போர்ச்சுகல் பக்கம் மாறி மாறி ஆடிவிட்டு, காஸ்தீலோடு போர் மூண்டதும் ரோமோடு நின்றது. இதில் திருச்சட்டம் எங்கே வருகிறது? சட்டத்தில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் அந்த ஓட்டை நாற்பது வருடம் திறந்தே இருந்ததற்குக் காரணம், அதனால் ஆதாயம் பார்த்த அரசர்கள்.

எளிய மனிதர்கள் மேல் விழுந்ததைப் பாருங்கள். இரண்டு பாப்பரசரும் எதிர்முகாமை முழுசாகச் சபைநீக்கம் செய்தார்கள். ஒரே மறைமாவட்டத்துக்கு இரண்டு ஆயர், ஒரே மடத்துக்கு இரண்டு தலைவர். இரண்டு அரண்மனைக்கும் செலவு, பாதி வருமானம். ஆகவே பதவி விற்பனை, கட்டணம், பாவமன்னிப்புப் பத்திரம்.

இடையில் ஒரு சின்ன விலகல். பாரீஸ் பல்கலைக்கழகம் கிளமெண்ட் பக்கம் தள்ளப்பட்டதும் ஜெர்மன் ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியேறினார்கள்; அதன் பயனாக 1386ல் ஹைடல்பெர்க் எழுந்தது, அனுமதி கொடுத்தவர் அர்பன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு 1413ல் ஆணை வந்தது எதிர்முகாமிலிருந்து, பதின்மூன்றாம் பெனடிக்டிடமிருந்து. இவர்தான் நான் மறக்க வேண்டாம் என்ற பெத்ரோ தெ லூனா. எதிர்த்திருத்தந்தை கையெழுத்துப் போட்ட பட்டத்தை இன்றுவரை யாரும் செல்லாது என்று சொன்னதில்லை.

#15 கல்வெட்டுப்பித்தன்

அர்பன் கடைசியில் என்ன ஆனார்? கோஸா எப்போது வருவார்? கல்லறைக்குச் சொந்தக்காரர் இன்னும் மேடை ஏறவில்லையே.

#16 செம்பருத்தி

அர்பன் கதை அழகில்லை. 1385ல் நோச்சேரா கோட்டையில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார். தினமும் பலமுறை சன்னலில் வந்து நின்று, மணியடித்து, மெழுகுவர்த்தியோடு கீழே நிற்கும் படையைச் சபைநீக்கம் செய்வாராம். தனக்கு எதிராகச் சதி என்று ஆறு கர்தினால்களைச் சித்திரவதை செய்தார். ஐந்து பேர் உயிரோடு மீளவில்லை. தப்பியவர் ஆங்கிலேயர் ஆதம் ஈஸ்டன். 1389ல் அர்பன் இறந்தார்.

அப்போதே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ரோமில் இருந்தவர்கள் அடுத்தவரைத் தேர்ந்தார்கள். 1394ல் கிளமெண்ட் இறந்தபோது அவிஞ்ஞோன்காரர்களும் அதையே செய்தார்கள். பெத்ரோ தெ லூனா அப்போது சத்தியம் செய்துகொடுத்தார், ஒற்றுமைக்குத் தேவையென்றால் பதவி விலகுவேன் என்று. வந்து உட்கார்ந்தபின் அசையவில்லை. பிரான்ஸ் 1398ல் ஆதரவை விலக்கி அரண்மனையை முற்றுகையிட்டது. உள்ளேயே அடைந்து கிடந்து 1403ல் மாறுவேடத்தில் வெளியேறினார்.

ரோமில் 1406ல் பன்னிரண்டாம் கிரகோரி. அவரும் அதே சத்தியம். எதிராளியைச் சந்திக்க மீன்பிடிப் படகிலாவது போவேன், கோலூன்றி நடந்தாவது போவேன் என்றார். சவோனாவில் சந்திப்பு என்று முடிவானது. கிரகோரி லூக்கா வரை வந்தார். பெனடிக்ட் போர்த்தோவெனெரே வரை வந்தார். அங்கேயே நின்றார்கள். கிரகோரியின் செயலர் லியோனார்தோ புரூனி எழுதிவைத்தார்: ஒருவர் நிலத்து விலங்குபோலக் கரையை நெருங்க மாட்டேன் என்கிறார், மற்றவர் நீர்விலங்குபோலக் கரையை விட்டு உள்ளே வர மாட்டேன் என்கிறார்.

#17 சும்மா_சுப்பு

மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் யார் முதலில் வருவது என்று தெருமுனையில் நிற்கிற மாதிரி.

#18 வக்கீல்_பாண்டி

இனி நான் எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துப்பார்த்து வெறுத்துப்போன கர்தினால்கள் இரு பக்கமிருந்தும் வந்து 1409ல் பீசாவில் சங்கம் கூட்டினார்கள். ஜூன் 5ல் இரண்டு போப்பையும் நீக்கினார்கள். ஜூன் 26ல் கிரீட் தீவைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி ஒருவரை ஐந்தாம் அலெக்சாண்டர் ஆக்கினார்கள். நீக்கப்பட்ட இருவரும் நீங்கவில்லை. இரண்டாக இருந்தது மூன்றானது. அவர் 1410ல் இறந்ததும் வந்தவர்தான் பித்தன் தேடும் பல்தசாரே கோஸா. படை நடத்தத் தெரிந்தவர், ஃப்ளாரன்ஸின் வங்கிக்காரக் குடும்பமான மெதிச்சியின் ஜியோவான்னி தி பீச்சியோடு பண விவகாரத்தில் நெருக்கம்.

ஜெர்மானிய அரசர் (பட்டம் "ரோமர்களின் அரசர்") சிகிஸ்முண்ட் நெருக்க, கோஸாவே கான்ஸ்டன்ஸில் சங்கம் கூட்டினார். 1414 நவம்பர். வழியில் ஆர்ல்பெர்க் மலையில் வண்டி கவிழ்ந்து பனியில் விழுந்தார். கீழே ஊரைப் பார்த்ததும் "நரிகளைப் பிடிக்கும் பொறி இப்படித்தான் இருக்கும்" என்றாராம். உள்ளூர்க்காரர் ரிசெண்டால் தன் வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சொன்னது பலித்தது. இத்தாலிய ஆயர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள், தலைக்கு ஒரு வாக்கு என்றால் ஜெயித்துவிடலாம் என்பது கோஸாவின் கணக்கு. சங்கம் தேசத்துக்கு ஒரு வாக்கு என்று மாற்றிவிட்டது. 1415 மார்ச் 20ல் மாறுவேடத்தில் ஷாஃப்ஹவுசனுக்கு ஓடினார். ஏப்ரல் 6ல், சங்கத்தின் அதிகாரம் கிறிஸ்துவிடமிருந்து நேரடியாக வந்தது, போப் உட்பட எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று ஆணை. மே 29ல் கோஸா பதவி பறிபோனது.

பார்த்தீர்களா, முப்பத்தேழு வருடமாக இல்லாத நீதிமன்றத்தைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள்.

#19 மரியநேசன்

ஆனால் சார், கிரகோரியை விட்டுவிட்டீர்கள். என் மௌனம் இங்கே கலைகிறது. 1415 ஜூலை 4ல் அவருடைய பிரதிநிதிகள் எழுந்து முதலில் அவர் பெயரால் சங்கத்தை மறுபடி கூட்டினார்கள். சங்கம் அதற்குச் சம்மதித்தது. அதன்பிறகு கார்லோ மலதெஸ்தா அவருடைய பதவிவிலகலை அறிவித்தார். ரோம் வரிசைதான் செல்லும் என்பவர்களுக்கு, அன்றிலிருந்துதான் அது முறையான சங்கம், திருத்தந்தை தானாக விலகினார், யாரும் அவரை விசாரிக்கவில்லை. பீசா வரிசை செல்லும் என்பவர்களுக்கு அது 1414லிருந்தே முறையான சங்கம். யாரும் தோற்கவில்லை. அவருக்குப் பிறகு விலகிய திருத்தந்தை 2013ல் பதினாறாம் பெனடிக்ட்தான்.

#20 செம்பருத்தி

ஜூலை 4ல் அந்தச் சமரசம். ஜூலை 6ல் அதே சங்கம் செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸை எரித்தது. சிகிஸ்முண்ட் பாதுகாப்புக் கடிதம் கொடுத்திருந்தும். இரண்டு நாள் இடைவெளி. வகுப்பில் இதைச் சொல்லும்போது தேதிகளைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில்தான் எழுதுவேன்.

#21 வக்கீல்_பாண்டி

மரியநேசன் சொன்ன ஏற்பாடு எனக்குத் தெரியும், பிடிக்காததால் தாண்டிப் போனேன். ஒத்துக்கொள்கிறேன். யார் உண்மையான போப் என்று தீர்ப்பே எழுதாமல் வழக்கை முடித்திருக்கிறார்கள். 1417 நவம்பர் 11ல் வணிகர் மண்டபத்துக்குள் 23 கர்தினால்களும், ஐந்து தேசங்களுக்கு ஆறு பேராக 30 பேரும் போய் ஒட்டோ கொலோன்னாவைத் தேர்ந்தார்கள். புனித மார்ட்டின் திருநாள், அதனால் ஐந்தாம் மார்ட்டின்.

பித்தன், உங்கள் கேள்விக்கு விடை: கோஸா சிறையிலிருந்து விடுபட்டு, மார்ட்டினிடம் பணிந்து, கர்தினாலாகத்தான் 1419ல் ஃப்ளாரன்ஸில் இறந்தார். கல்லறையில் "போப்" என்று எழுதியது மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை. எழுத்து மாறவில்லை. தீர்ப்பு இல்லாததால் எண் ஐந்நூறு வருடம் அந்தரத்தில் நின்றது. 1958ல் ரோன்கல்லி அந்த எண்ணை எடுத்தபோதுதான் அந்தக் கோப்பு மூடப்பட்டது.

#22 கல்வெட்டுப்பித்தன்

"ஒருகாலத்தில்" என்ற ஒரு சொல்லில் இவ்வளவா! மைத்துனருக்கு அனுப்பினேன், "அங்கே பக்கத்தில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும்" என்று பதில். அது போகட்டும். மூன்றாமவர், பெத்ரோ தெ லூனா?

#23 செம்பருத்தி

அவர் கடைசிவரை விலகவில்லை. 1415ல் சிகிஸ்முண்ட் பெர்ப்பிஞ்ஞான் வரை நேரில் போய்க் கேட்டும் மசியவில்லை. 1417 ஜூலையில் சங்கம் நீக்கியது. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பெனிஸ்கோலா கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, 1378ல் தேர்ந்தெடுத்த கர்தினால்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான், ஆகவே ஐயமற்ற வாக்காளனும் நான் ஒருவன்தான் என்று வாதாடினார். 1423ல் அங்கேயே இறந்தார்.

சாவதற்கு முன் நான்கு கர்தினால்களை நியமித்திருந்தார். மூன்று பேர் சேர்ந்து எட்டாம் கிளமெண்ட் என்று ஒருவரைத் தேர்ந்தார்கள். அவர் 1429ல் விலகிவிட்டார். நான்காமவர் ஜான் கரியே அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்து, அந்தத் தேர்தல் செல்லாது என்று அறிவித்து, தான் ஒருவரே கூடி 1425ல் பதினான்காம் பெனடிக்ட் என்று ஒருவரை ரகசியமாகத் தேர்ந்தார்.

#24 சும்மா_சுப்பு

ஒற்றை ஆள் கான்கிளேவா? கதவை யார் பூட்டினார்கள்?

#25 வக்கீல்_பாண்டி

உள்ளே இருந்து அவரேதான். ஆனால் பாருங்கள், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருக்கிறது, வெளியே கூட்டம் இல்லை, கத்தல் இல்லை, வற்புறுத்தல் இல்லை. 1378லிருந்து நடந்த தேர்தல்களில் என் கட்சிக்காரருக்கு நான் தைரியமாக வக்காலத்துப் போடக்கூடியது இது ஒன்றுதான்.